செஞ்சி, திருவண்ணாமலை, ஜவ்வாது மலை: சைக்கிளில் போக வழி சொல்லுங்கள்

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் நானும் தங்கையும் சைக்கிளில் ஒரு பயணம் போக இருக்கிறோம். திண்டிவனத்தில் இறங்கி செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறி ஆலங்காயம் பக்கம் இறங்கி, கடைசியாக ஏலகிரி. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறித் திரும்பலாம் என்று நினைக்கிறோம். வார இறுதிகளில் 60, 70 கி.மீ. ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆனால் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். மலைச் சாலை இருவருக்கும் புதிது. என் வண்டி ஹைபிரிட், முன்னால் மூன்று பல்சக்கரம். தங்கையின் வண்டிக்கு முன்னால் ஒன்றே ஒன்று, 42 பல். பின்னால் பெரியது 28.

எத்தனை நாள் ஒதுக்கலாம்? எந்தப் பக்கமாக மலை ஏறுவது? வழியில் எதையெல்லாம் விடக்கூடாது? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுவழி எழுதியது:

நல்ல வழி. மொத்தமே 200 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். ப்ரெவே என்னும் நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அவ்வளவு விரட்ட வேண்டாம், இரண்டு நாள் போதும். முதல் நாள் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகச் செங்கம், 100 கி.மீ. இருக்கும், பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. மறுநாள் மலை.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் வெயில். தை மாதத்திலும் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாறை நாட்டில் தார் ரோடு கொதிக்கும். விடியலுக்கு முன் விளக்குப் போட்டுக் கிளம்பி, வெயில் ஏறும் முன் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டால் உடம்பு தாங்கும். அங்கங்கே இறங்கி ஏறினால் அந்தக் காலை நேரம் கரைந்துபோய், நடு மதியத்தில் ஓட்டும்படி ஆகிவிடும்.

பாறை எழுத்து எழுதியது:

நெடுவழி சார், வெயில் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் இரண்டு நாள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வழியில் பார்க்க வேண்டியவை பஸ் நிற்காத இடங்களில்தான் இருக்கின்றன. காரில் போகிறவர்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு நேராகத் திருவண்ணாமலை போய்விடுவார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு கி.மீ.க்கு ஒன்றாகக் கிடக்கும் குகைக் கோயில்களும் சமணர் குன்றுகளும் சைக்கிளுக்கென்றே அமைந்தவை. வண்டியை மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் ஏறிப் பார்த்துவிடலாம். அதை விட்டுவிட்டு ஓட்டுவதற்கு இந்த நாட்டுக்கு வர வேண்டியதில்லை, நெடுஞ்சாலையே போதும்.

ஏரிக்கரை, முதலில் கிளம்பும் இடத்தை மாற்றுங்கள். திண்டிவனம் வேண்டாம், விழுப்புரம் வாருங்கள். விழுப்புரம் – செஞ்சி சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி மண்டகப்பட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று அங்கே பாறையில் வெட்டி வைத்திருக்கிறது. விசித்திரசித்தன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தமிழ்நாட்டில் கல்லைக் குடைந்து கோயில் எடுக்கும் வேலை எப்படித் தொடங்கியது என்று பேசுகிற எவரும் இந்தக் கல்வெட்டைத் தொடாமல் போவதில்லை. ஆனால் நீங்கள் போகும் காலை நேரத்தில் அங்கே ஆடு மேய்ப்பவர் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

பக்கத்திலேயே தளவானூர். அதுவும் மகேந்திரன் குடைவித்ததுதான். சத்துருமல்லேசுவரம் என்று பெயர். குகை வாசலில் மகர தோரணம் பார்க்கும்படி இருக்கும். அப்புறம் பனமலை. ஏரிக்குப் பக்கத்தில் சின்னக் குன்று, மேலே ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். இது குடைவரை இல்லை, கட்டிய கோயில். ஆக, முதலாம் மகேந்திரனுக்கும் ராஜசிம்மனுக்கும் இடைப்பட்ட நூறு வருடத்தில் பல்லவச் சிற்பிகள் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பதை ஒரே நாளில், ஒரே சைக்கிளில் பார்த்துவிடலாம். ஒரு சிற்றறையில் குடை நிழலில் ஒரு கால் மடக்கி நிற்கும் பார்வதியின் ஓவியம் இருக்கிறது. நிறம் நிறையப் போய்விட்டது. முகம் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. அர்ச்சகரிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

அன்று இரவு செஞ்சியில் தங்குங்கள். மறுநாள் முழுவதும் செஞ்சிக்கே. இதைக் குறைக்க வேண்டாம்.

நெடுவழி எழுதியது:

செஞ்சிக்கு ஒரு முழு நாளா? ராஜகிரி ஏறி இறங்க மூன்று மணி நேரம். மிச்ச நாளை என்ன செய்வார்கள்?

பாறை எழுத்து எழுதியது:

ராஜகிரி மட்டுமே செஞ்சி இல்லையே. கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் சேர்த்து மதில் வளைத்திருக்கிறார்கள். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690-இல் மொகலாயப் படை வந்து உட்கார்ந்தது. கோட்டை கைக்கு வர 1698 ஆனது. ஏன் அத்தனை வருடம் என்பது படியேறும்போதுதான் விளங்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஒரு பள்ளம். அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. அந்த இடத்தில் நின்று பாருங்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம், வார நாளில் போங்கள். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். காலையிலேயே ஏறி இறங்கிவிட்டால் வெயில் நேரத்தைக் கீழே கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் என்று நிழலில் கழிக்கலாம். நெடுவழி சாரின் வெயில் கவலைக்கும் இதுவே பதில். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பது தெரிந்தால் வெங்கடரமணர் கோயிலை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

மாலை நாலு மணிக்கு மேல் சிறுகடம்பூர் பக்கம் திருநாதர் குன்று. பாறை முகத்தில் இரண்டு வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேர். பக்கத்தில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு. இது ஏதோ அழிந்துபோன சமயத்தின் மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டிவனம் சாலைப் பக்கம் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நயினார் எனப்படும் சமணக் குடும்பங்கள் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) பயிரிட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். நேரம் இருந்தால் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

சக்கரம் நேராக்குபவர் எழுதியது:

கோயிலைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்குக் கவலை தங்கையின் வண்டி. முன்னால் 42, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு 11 கி.மீ. வேகம். பையோடு எட்டு சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பழகாத கால்களால் வெகு நேரம் தாங்க முடியாது. மிதியைக் குறைத்தால் முட்டியில் போய் விழும். முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று; அதே 60 மிதிக்கு மணிக்கு ஏழரை கி.மீ. உழைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பின் கேசட்டை, அதாவது பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியை, மாற்றும்போது டிரெய்லியர் (செயினைப் பல் மாற்றும் கருவி) 34 பல்லை எட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் எட்டாது. செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும்.

டயர் அகலம் 32 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ரோட்டோரம் முழுக்க சீமைக் கருவேல முள். டியூப் ஆளுக்கு இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வ் இருந்தால் அவர்கள் பம்ப் பொருந்தாது. அதற்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும், பத்து இருபது ரூபாய்தான், பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கத்தைப் பற்றியும் ஒன்று. ரிம் பிரேக் என்றால் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, திரும்பவும் அழுத்த வேண்டும். பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

வெயில்தாங்கி எழுதியது:

தங்கையோடு போவதாகச் சொன்னதால் எழுதுகிறேன். நான் இந்தப் பக்கம் தனியாகவே ஓட்டுகிறவள். ஊர் நல்ல ஊர். டீக்கடையில் உட்கார்ந்தால் எந்த ஊர், எங்கே போகிறாய் என்று பத்துப் பேர் கேட்பார்கள், அக்கறையாகத்தான் கேட்பார்கள். எனக்குச் சிரமம் தந்தது கழிப்பறைதான். பெட்ரோல் பங்குகள், கோட்டை நுழைவாயில், பெரிய கோயில்கள், இவை எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டே ஓட்ட வேண்டிவரும், அந்த வெயிலில் அது ஆபத்து. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும்.

கோயிலுக்குள் போக சைக்கிள் உடுப்புக்கு மேல் கட்டிக்கொள்ள ஒரு லுங்கியோ பாவாடையோ வைத்துக்கொண்டால் எங்கேயும் தயங்கி நிற்க வேண்டாம். அறைக்கு முன்பே போன் செய்து, சைக்கிளை உள்ளே வைக்க இடம் தருவார்களா என்று கேளுங்கள். மலையில் அறைகள் குறைவு. அங்கே மட்டும் பதிவு செய்யாமல் போகவே கூடாது.

போளூர்க்காரன் எழுதியது:

நம்ம ஊர்ப் பக்கம் வருகிறீர்கள், மகிழ்ச்சி. திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி அன்று மட்டும் வராதீர்கள். 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுவதும் மனிதர்கள், ஊருக்குள் வரும் எல்லாச் சாலைகளையும் அடைத்துவிடுவார்கள், அறை கிடைக்காது. நாள் பார்த்துக் கிளம்புங்கள். மற்ற நாளில் விடியற்காலை நடந்தே மலையைச் சுற்றி வாருங்கள். ஒரு நாள் காலுக்கு மிதியிலிருந்து ஓய்வு கிடைக்கும்.

காற்று உங்களுக்குச் சாதகம். தையில் வடகிழக்குக் காற்று. நீங்கள் மேற்கே போவதால் பெரும்பாலும் முதுகுப் பக்கம் அல்லது பக்கவாட்டில் இருக்கும். திரும்பி வருகிற மாதிரி திட்டம் போட்டிருந்தால் கஷ்டம். காலையில் சூரியனும் முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் எதிரே வருகிற வண்டிக்காரர் கண்ணில் வெயில் அடிக்கும், ஓவர்டேக் செய்து உங்கள் பக்கம் வருவார்கள். முன் விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள். அது கரும்பு வெட்டும் காலம். டிராக்டர் டிரெய்லரில் கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வரும், இறங்கி வழி விட்டுவிடுங்கள். நெல்லும் உளுந்தும் ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

மலைக்கு இரண்டு வழி. போளூரிலிருந்து ஏறும் சாலை நல்ல சாலை, பஸ் போகிறது, நடுவில் வண்டி பழுதானாலும் யாராவது ஏற்றிக்கொள்வார்கள். செங்கம் பக்க வழி அமைதி, காடு, கடை குறைவு. இரண்டிலும் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். முதல் முறை என்றால் போளூர் வழிதான் என் கருத்து. எந்த வழியானாலும் மாலை நாலு மணிக்குள் மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சேர்ந்துவிட வேண்டும். கரடி நடமாட்டம் உள்ள காடு, இருட்டில் சைக்கிள் வேண்டாம்.

மேலே போனால் சாமைச் சோறு கேட்டுச் சாப்பிடுங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கிற மலை இது. தேனும் புளியும் இங்கேதான் வாங்க வேண்டும். பீமன் அருவியில் தையிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்.

நடுகல் எழுதியது:

போளூர் அண்ணன் சொல்வது பத்திரமான வழி. ஆனாலும் செங்கத்தை விடச் சொல்லாதீர்கள், மனது கேட்கவில்லை. இது நன்னன் ஆண்ட ஊர். மலைபடுகடாம் முழுவதும் இந்த நாட்டுக்கு வழி சொல்வதுதான். பரிசில் பெற்று வரும் கூத்தர் எதிரே வரும் கூத்தருக்கு 583 அடியில் சொல்கிறார்: எந்த வழியில் பாம்பு இருக்கும், எங்கே பன்றிப் பொறி வைத்திருப்பார்கள், எந்த ஊரில் தினைச் சோறு கிடைக்கும், எங்கே இரவு தங்கலாம் என்று. ஈராயிரம் ஆண்டாக இந்த வழி கேட்கப்பட்டு வருகிறது, இன்று ஏரிக்கரை கேட்கிறார். அதில் வரும் நவிரமலைதான் இன்றைய பர்வதமலை என்பார்கள். செங்கம் – போளூர் சாலையில் போனால் அதன் கூர்முனை வெகு நேரம் கூடவே வரும்.

அதனால் என் யோசனை: திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போய் ஒரு இரவு, அங்கிருந்து பர்வதமலையைப் பார்த்துக்கொண்டே போளூர், பிறகு போளூர் வழியாக மலை. கொஞ்சம் சுற்றுதான். ஆனால் நடுகற்களைப் பார்க்க இதைவிட நல்ல வட்டாரம் தமிழ்நாட்டில் இல்லை. மாடு கவர வந்தவரோடு போரிட்டுச் செத்த சாதாரண ஆட்களுக்குப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, அரசனின் ஆட்சியாண்டு சொல்லி வட்டெழுத்தில் வெட்டிய கற்கள். எடுத்தனூர்க் கல் ஒன்றில், வீரன் விழுந்த பிறகும் கோவிவன் என்னும் அவன் நாய் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாக எழுதி, நாயையும் பக்கத்தில் செதுக்கியிருக்கிறார்கள். அதுவும் மகேந்திரவர்மன் காலம். மண்டகப்பட்டில் அரசன் தன் பெயரை வெட்டிய அதே காலத்தில் இங்கே ஊரார் ஒரு நாயின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு.

ஒரு வேண்டுகோள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். காலைச் சாய்வெயிலில் எழுத்துகள் தாமாகவே தெரியும். பல கற்கள் வயலிலும் ஏரிக்கரையிலும் பூசையில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள், செருப்பை விட்டுவிடுங்கள்.

வெயில்தாங்கி எழுதியது:

கோவிவன் கதை எனக்குப் புதிது, நன்றி. இன்றைய நாய்களுக்கும் ஒரு வரி சேர்க்கிறேன்: துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கிவிடுங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். இருபது அடிக்குள் விட்டுவிடும்.

நெடுவழி எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். இரண்டு நாள் என்று சொன்னதை நான் திரும்பப் பெறுகிறேன், பாறை எழுத்து சொல்கிறபடி காலை ஓட்டம், மதியம் நிழலில் பார்ப்பது என்று பிரித்தால் வெயிலும் சிக்கல் இல்லை. ஆனால் ஒன்றில் உறுதியாக நிற்கிறேன். மலை ஏறும் நாளில் வழியில் எதையும் பார்க்கத் திட்டம் வைக்க வேண்டாம். விடிந்ததும் போளூரை விட்டுவிட வேண்டும். பை ஆளுக்கு ஆறு, ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கிலோவும் ஏற்றத்தில் பேசும்.

போளூர்க்காரன் எழுதியது:

சரியான பேச்சு. மேலே ஒரு நாள் தங்குகிறீர்கள் என்றால் அது சனிக்கிழமையாக இருக்கட்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் வழியில் காவலூர். 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம்; 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவது வழக்கம். வானம் தெளிவாக இருந்தால்தான் பலன். போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள். இரவு அங்கிருந்து சைக்கிளில் திரும்ப வேண்டாம், யாராவது ஜீப் ஏற்பாடு செய்து தருவார்கள்.

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையும் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். எடுத்தனூர்க் கல்லைப் பார்க்காமல் வர மாட்டேன் என்கிறாள். அவள் கேசட்டை இந்த வாரமே மாற்றப் போகிறோம். இப்போதைய திட்டம்: விழுப்புரம், மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை, செஞ்சியில் இரண்டு இரவு, திருவண்ணாமலை இரண்டு இரவு, செங்கம், போளூர், ஜமுனாமரத்தூரில் சனிக்கிழமை வருகிற மாதிரி, ஆலங்காயம், திருப்பத்தூர் வழியாக ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரி. விடுப்பைக் கூட்டிக் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும்.

இன்னும் இரண்டு சந்தேகம். இத்தனைக்குப் பிறகு ஏலகிரி ஏறத்தான் வேண்டுமா? சைக்கிளை ரயிலில் எப்படி ஏற்றுவது?

சக்கரம் நேராக்குபவர் எழுதியது:

ஏலகிரி ஏறுங்கள் தம்பி. ஜவ்வாது ஏறியபின் அது உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பொன்னேரியிலிருந்து மேலே வரை 14 கொண்டை ஊசி வளைவு, எல்லாவற்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். ஒவ்வொரு பெயர்ப்பலகையிலும் ஒரு வாய் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் ஏற்றம் சீராகப் போகும். சாலையும் சரிவும் ஒரே மாதிரி இருப்பதால் புதியவர்களுக்கு ஏற்றம் பழக நல்ல மலை. சனி, ஞாயிறில் கார் கூட்டம், திங்கள்கிழமை ஏறினால் நல்லது. பையை அடிவாரத்தில் அறை எடுத்து வைத்துவிட்டு வெறும் வண்டியோடு ஏறி, அன்றே இறங்கிவிடலாம்.

நெடுவழி எழுதியது:

ரயிலுக்கு: பயணச்சீட்டைக் காட்டி பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும், சைக்கிள் பிரேக் வேனில் வரும். வண்டி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள். விழுப்புரத்தில் இறக்குவது சுலபம், வண்டி நிறைய நேரம் நிற்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வண்டி ஜோலார்பேட்டையில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று முன்பே பாருங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் வண்டியில் இரண்டு சைக்கிளை ஏற்ற முடியாது. மிதிக்கட்டை இரண்டையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, டிரெய்லியர் இருக்கும் பக்கம் அட்டை சுற்றிக் கொடுங்கள். பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டை ஃபிரேமில் இரண்டு இடத்தில் ஒட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றது இருக்கும்.